சும்மா வாங்கிக்கொண்டவர்

மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோது அவள் ஒரு பழைய சோபாவின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தாள். மேல்துணியை உரித்து, மக்கிப்போன ஸ்பாஞ்சை அள்ளி வெளியே எறிந்துவிட்டு, உள்ளே எந்த ஸ்பிரிங் தேறும், எது தேறாது என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். தூசிக்காக மூக்கைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள். அதை இறக்கிவிட்டுக்கொண்டு போனை எடுத்தாள்.

"இங்க ஒரு பெரியவர் நெஞ்சுவலின்னு அட்மிட் ஆகியிருக்காரு. சொந்தக்காரங்க யாருன்னு கேட்டா உங்க நம்பர்தான் சொல்றாரு. அப்பான்னு சொல்றாரு."

"யாருக்கு அப்பா?"

"உங்களுக்குத்தாங்க."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே யார் கேட்டாலும் 'எனக்கு அப்பா இல்லை' என்று சொல்லிப் பழகியவள். சொல்லிச் சொல்லி அது உண்மையாகவே ஆகிவிட்டிருந்தது.

வீட்டின் முன்பாதிதான் கடை. பழைய சோபா, நாற்காலி, கார் சீட் எல்லாவற்றுக்கும் புதுத்துணி போட்டுக்கொடுக்கிற கடை. மரவேலையைக் கணவர் பார்த்துக்கொள்வார். வெட்டுவது, தைப்பது, இழுத்து அடிப்பது அவள் வேலை. அவளைவிட மூத்தவர்கள்கூட அந்தத் தெருவில் அவளை 'சோபாக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் இல்லை. வாரத்தில் ஆறு நாள் கடை, மீதி நேரமெல்லாம் சர்ச். சனிக்கிழமை கோயிலைக் கூட்டித் துடைப்பது அவள்தான். பெஞ்சுகளில் உட்கார முடியாமல் வயதானவர்கள் நெளிவதைப் பார்த்து, எல்லாப் பெஞ்சுக்கும் குஷன் தைத்துப் போட்டது அவள்தான். ஞாயிறு காலையில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பதும் அவளே. ஒரு நாள் தவறியதில்லை.

கணவர் மரம் சீவிக்கொண்டிருந்த இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "போய்ப் பாத்துட்டு வந்துருவோம். பாக்கிறதுல என்ன இருக்கு?" என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அவ்வளவு பேசியதே பெரிய விஷயம்.

அப்பா பஸ் டிரைவராக இருந்தவர். ஒரு நாள் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பிப் போனார், திரும்பவில்லை. விபத்தோ என்று அம்மா டிப்போவுக்கும் போலீஸுக்கும் அலைந்தாள். பஸ் பத்திரமாக வந்து நின்றிருந்தது, டிரைவர்தான் வரவில்லை. வேறொரு ஊரில் வேறொரு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அம்மா பட்டன் கம்பெனியில் சேர்ந்து, நின்றபடியே வேலை பார்த்துக் கால் வீங்கி, இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினாள். முதலில் சில வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் வாசல் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டாள். சாகக் கிடந்தபோது பிள்ளைகளிடம் அவள் சொன்னது ஒன்றுதான்: "அந்த ஆளு வந்தா வாசப்படி ஏத்தாதீங்க."

அந்த ஆள் இப்போது பொது வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். அவள் நினைவில் இருந்தவர் கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். கட்டிலில் கிடந்தவரோ போர்வைக்குள் இருக்கிறாரா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது.

"வந்துட்டியாம்மா," என்றார். உடனே அழுதார். "எனக்குப் பயமா இருக்கு. செத்தா எங்க போவேன்னு தெரியல. நல்ல இடத்துக்குப் போக மாட்டேன்னு மட்டும் தெரியுது."

கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றாள் அவள். டாக்டர் வெளியே கூப்பிட்டு, ஆபரேஷன் செய்யத்தான் வேண்டும், ஆனால் இந்த இதயத்தை வைத்துக்கொண்டு பெரிதாக நம்பிக்கை வைக்காதீர்கள் என்றார். அவள் தலையாட்டிவிட்டு, மாடிப்படியில் நின்று போதகருக்குப் போன் செய்தாள்.

சாகக் கிடப்பவருக்கு ஜெபிக்க ஆள் அனுப்புவது நல்ல காரியம்தானே. அப்படித்தான் கணவரிடம் சொன்னாள். ஆனால் அவள் மனதுக்குள் ஓடிய படம் வேறு. போதகர் கேள்வி கேட்பார். இவர் திணறுவார். அம்மாவின் பெயரைச் சொல்ல வேண்டி வரும். பட்டன் கம்பெனியைப் பற்றி யாராவது இவருக்குச் சொல்ல வேண்டும். செய்தது இன்னதென்று இவர் வாயாலேயே சொல்லி, குமுறி அழுது, அதற்குப் பிறகு ஆண்டவர் பார்த்து ஏதாவது செய்துகொள்ளட்டும்.

போதகர் ஸ்கூட்டரில் வந்தார். இளவயதுக்காரர், பெரிய காதுகள், பிரசங்கத்தின் நடுவில் சொல்ல வந்ததை மறந்துவிட்டுச் சபையைப் பார்த்துச் சிரிப்பவர். உள்ளே போனார். அவள் வராந்தாவில் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். டீ ஆறுவதற்குள் போதகர் திரும்பி வந்துவிட்டார்.

"அக்கா, அவர் ஆண்டவரை ஏத்துக்கிட்டார்!"

"அதுக்குள்ளயா?"

"எவ்வளவு நேரம் ஆகணும்?" போதகர் உண்மையிலேயே யோசித்துக் கேட்டார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள்.

"நீங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கிறதுதான். இரட்சிப்பு நாம சம்பாதிக்கிறது இல்ல. அது கிருபை. அன்பினால அவரே குடுக்கிறார், கைய நீட்டி வாங்கிக்கிட்டாப் போதும்னேன்."

"அதுக்கு அவர்?"

"'நிஜமாவா, நிஜமாவா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். அப்புறம் அழுதார். அப்புறம் தூங்கிட்டார்."

"தூங்கிட்டாரா!"

"நிம்மதியாத் தூங்குறார்க்கா," என்று சொல்லிவிட்டுப் போதகர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார். அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தாள்.

செத்துப்போயிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அழ வேண்டியதை அழுது, புதைக்க வேண்டியதைப் புதைத்துவிட்டு அவள் தன் தையல் மெஷினுக்குத் திரும்பியிருப்பாள். ஆனால் அப்பா சாகவில்லை. ஆபரேஷன், டாக்டரே ஆச்சரியப்படும்படி நன்றாக முடிந்தது. அந்த இன்னொரு பெண் எப்போதோ இறந்துவிட்டிருந்தாள்; போக வேறு இடமில்லை. டிஸ்சார்ஜ் நாளில், கணவர் ஒன்றும் கேட்காமல் அவர் பையைத் தூக்கி வண்டியில் வைத்தார். வாசப்படி ஏற்றாதீர்கள் என்று அம்மா சொன்னது அவள் காதிலேயே இருந்தது. ஏற்றத்தான் செய்தாள். நோயாளியை நடுத்தெருவிலா விடுவது?

கடைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சின்ன அறையைக் கொடுத்தார்கள். அவர் உடம்பு தேறத் தேற, அந்த வீட்டில் இதுவரை இல்லாத ஒன்று நுழைந்தது. அவருடைய சந்தோஷம்தான் அது. காலையில் பல் தேய்க்கும்போதே ஏதோ முணுமுணுத்துப் பாடுவார். சோபாவுக்குத் துணி போட வருகிறவர்களிடம் ஊர்க்கதை பேசுவார். தெருவில் போகிற நாயைக்கூட நலம் விசாரிப்பார். ஒரு குறடை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, பழைய சோபாக்களின் மரச்சட்டங்களிலிருந்து ஆணியையும் ஸ்டேப்பிள் பின்னையும் பிடுங்கத் தொடங்கினார்.

"அவருக்கு வேலை குடுக்காதீங்க," என்று அவள் கணவரிடம் சீறினாள். "வேலை செஞ்சு சரிக்கட்டிடலாம்னு பாக்கிறார்."

"நான் எங்க குடுத்தேன்? அவராத்தான் எடுத்துக்கிறார். சரிக்கட்டுற மாதிரியும் தெரியல. ஆணி புடுங்குறது புடிச்சிருக்கு போல," என்றார் கணவர்.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சி, சாப்பாட்டுத் தட்டை வாங்கும்போது கொஞ்சம் தலைகுனிவு, ராத்திரியில் தூக்கம் வராமல் ஒரு பெருமூச்சு, இப்படி ஏதாவது இருந்திருந்தால் அவளும் கொஞ்சம் இளகியிருப்பாளோ என்னவோ. இந்த மனிதர் தட்டை இரண்டு கையாலும் வாங்கி, "ஆஹா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

அப்பாவின் ஞானஸ்நானத்தன்று சபை நிரம்பி வழிந்தது. வெள்ளை உடையில் தண்ணீர் சொட்டச் சொட்ட எழுந்து வந்தவர், மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னார். "நான் பொண்டாட்டியையும் ரெண்டு பிள்ளைங்களையும் நடுவழியில விட்டுட்டுப் போனவன். அதுக்கு என்கிட்ட எந்தக் காரணமும் இல்ல. சொன்னா அது பொய்யாயிரும். ஆண்டவர் என்னை மன்னிச்சிட்டார். ஏன்னு தெரியல. நான் எதுவும் செய்யல. சும்மா குடுத்தார்." மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். சபையில் பலரும் அழுதார்கள். பக்கத்து பெஞ்சு அம்மாள் அவள் கையைப் பிடித்து, "உங்க ஜெபம் கேட்கப்பட்டிருச்சு, சோபாக்கா," என்றாள். அவள் அப்படி ஒரு ஜெபம் செய்ததே இல்லை.

அதன்பின் திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் கொடுத்தார்கள். வரிசை நகர்ந்தது. அப்பா ஈரத்தலையோடு முழங்காலிட்டு வாங்கிக்கொண்டார். அவள் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. வயிறு சரியில்லை என்று கேட்டவர்களிடம் சொன்னாள்.

மத்தியானம் கடைக்குள் வந்தவள், ஈரத்துணியை உலர்த்திவிட்டு வழக்கம்போல ஆணி பிடுங்க உட்கார்ந்த அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

"நீங்க யார்கிட்ட மன்னிப்பு வாங்கினீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆண்டவர்கிட்டம்மா."

"அவரையா விட்டுட்டு ஓடினீங்க? அவரா பட்டன் கம்பெனியில நின்னு நின்னு கால் வீங்கினாரு? ஸ்கூல்ல அப்பா கையெழுத்து வேணும்னு கேட்டப்ப அவரா வெளியில நின்னாரு? பாதிக்கப்பட்டது நாங்க. மன்னிக்கிறது அவரு. நடுவுல எங்களை ஒரு வார்த்தை கேக்க வேணாம்?"

குறடு அவர் கையில் அப்படியே நின்றது. "நீ சொல்றது நியாயம்தான்," என்றார் மெதுவாக.

"எங்கிட்ட ஒரு தடவயாவது கேட்டீங்களா?"

"கேக்க வந்தேன். ஆஸ்பத்திரிக்கு முந்தியே ஒரு நாள் வந்து எதிர்த்த பிளாட்பாரத்துல நின்னேன். நீ சோபாவுக்குத் துணி இழுத்துக்கிட்டிருந்த. பல்லுல நாலஞ்சு ஆணிய கடிச்சுக்கிட்டு. உங்கம்மாவும் தைக்கும்போது ஊசியை அப்படித்தான் கடிச்சுக்குவா. போர்டுல இருந்த நம்பரை மனப்பாடம் பண்ணிக்கிட்டுப் போயிட்டேன்."

"ஏன், உள்ள வந்தா என்ன?"

"வந்து கேட்டா, நீ குடுத்தாகணும்னு ஆயிரும். குடுக்கலன்னா ஊரு உன்னைத்தான் கல்நெஞ்சுக்காரின்னு சொல்லும். பண்ணினது நான், பழி உனக்கா? அதான் வரல."

"ஆண்டவர்கிட்ட மட்டும் கேக்கலாமாக்கும்?"

"அவர்கிட்டயும் நான் கேக்கலயே. அந்தப் பாஸ்டர் தம்பி வந்து, உங்களுக்குன்னு வச்சிருக்கு, வாங்கிக்கோங்கன்னு சொன்னாரு. ஆள் மாத்திச் சொல்றாரோன்னுதான் எனக்குத் தோணிச்சு. பக்கத்துக் கட்டில்காரருக்கு வந்தது தவறி எனக்கு வந்துருச்சோன்னு. எனக்கும் ஒண்ணும் புரியலம்மா. ஆனா வேண்டாம்னு சொல்ல முடியல." அவர் அவளைப் பார்த்துக் கேட்டார். அதில் சாமர்த்தியம் எதுவும் இல்லை, உண்மையான சந்தேகம்தான் இருந்தது. "நீ பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கிறவ. நீயே சொல்லு. நான் வாங்காம இருந்திருக்கணுமா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். 'கை நீட்டுகிற யாருக்கும் ஆண்டவர் இல்லை என்று சொல்வதில்லை' என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை படம் வரைந்து காட்டியவள். வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே போய் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் அலமாரியைத் திறந்து மூடினாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் கோயிலைக் கூட்டப் போகவில்லை. அதற்கு அடுத்த வாரமும் போகவில்லை. போதகரே கடைக்கு வந்துவிட்டார். உட்காரச் சொல்வதற்குள், துணி போடாத நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, ஸ்பிரிங் குத்தித் துள்ளி எழுந்து, ஸ்டூலுக்கு மாறினார்.

"நீங்க வராததால நான்தான்க்கா பெருக்கினேன். ஒரு மூலைத் தூசி இன்னொரு மூலைக்குப் போச்சு, அவ்வளவுதான்."

அவள் சிரிக்கவில்லை. "பாஸ்டர், எங்கம்மா எங்க இருக்காங்க?"

போதகரின் முகம் மாறியது. "தெரியாதுக்கா."

"எங்கம்மா கோயிலுக்கு வந்ததில்ல. சாகும்போதுகூட மன்னிக்கல. கஷ்டப்பட்டது அவங்க. கஷ்டப்படுத்தினவருக்குக் கதவு திறந்திருக்கு. அவங்களுக்கு மட்டும் தெரியாதுன்னு சொல்றீங்க."

"உங்கப்பாவுக்கும் நான் ஒண்ணும் சர்டிபிகேட் குடுக்கலக்கா. எனக்குக் குடுக்கிறவரைத்தான் தெரியும். அவர் கை கஞ்சக் கை இல்ல. உங்கப்பாகிட்ட அப்படி விரிஞ்ச கை உங்கம்மாகிட்ட மட்டும் மூடிக்கிச்சுன்னு என்னால நினைக்க முடியல. அதுக்கு மேல சொன்னா நான் இட்டுக்கட்டிச் சொல்றதாயிரும்."

அவள் கத்தரிக்கோலை எடுத்து ஒரு துணியை வெட்டத் தொடங்கி, அளவு எடுக்காமல் வெட்டுகிறோம் என்று தெரிந்து நிறுத்தினாள். "சும்மா கிடைக்கிறதுக்கு என்ன மதிப்பு?"

"வாங்கிறவங்களுக்குத்தான் சும்மா. குடுத்தவருக்குச் சிலுவையில உயிரே போச்சே."

"அது தெரியும். நானும் அதைத்தான் சொல்லிக்குடுக்கிறேன்." அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "அப்படின்னா நான் இத்தனை வருஷமா செஞ்சதெல்லாம் என்ன? கூட்டினது, துடைச்சது, குஷன் தைச்சது? அவர் கடைசி நேரத்துல வந்து நோகாம வாங்கிட்டுப் போயிட்டாரு. அவருக்கும் அதே, எனக்கும் அதேவா?"

"எதுக்காகச் செஞ்சீங்கக்கா?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. ஆனால் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. சபைக்காக என்று சொல்லலாம். ஆண்டவர்மேல் அன்பினால் என்று சொல்லலாம். இரண்டும் பொய்யில்லை. ஆனால் அந்தக் கேள்வி போய் விழுந்த இடம் அதற்கும் கீழே இருந்தது. அப்பா விட்டுவிட்டுப் போகிற அளவுக்கு நம்மிடம் ஏதோ குறை இருந்தது என்று நினைத்த ஒரு பள்ளிக்கூடப் பெண், இனி யாரும் விட்டுவிட்டுப் போக முடியாதபடி வேலை செய்துகொண்டே இருந்தாள். தனக்குள் இருந்த அந்தப் பெண்ணை எப்படிப் போதகரிடம் காட்டுவது?

"டீ குடிச்சிட்டுப் போங்க," என்றாள்.

அந்த வாரமே அவள் தம்பி வந்தான். வேறு ஊரில் நல்ல வேலையில் இருப்பவன். செய்தி எப்படியோ அவன் காதுக்கு எட்டியிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் கடைக்குள் நின்றான். அப்பா கையை ஊன்றித் தரையிலிருந்து எழுந்தார்.

"இதை நம்பலாமான்னு பாக்கத்தான் வந்தேன்," என்றான் அக்காவிடம். "அம்மா சொன்னது மறந்துபோச்சா உனக்கு?"

"மறக்கலடா."

"அப்ப இது யாரு?"

தம்பி அப்பாவின் பக்கம் திரும்பினான். "சாமி மன்னிச்சிட்டாராமே உங்களை? ரொம்ப நல்லது. அந்தச் சாமி வீட்டுலயே போய் இருக்க வேண்டியதுதானே? எங்க அக்கா வீட்டுல என்ன வேலை?"

"நீ சொல்றது சரிதாம்பா," என்றார் அப்பா.

"என்ன சரி? எதுத்துப் பேசுங்க! ஏதாவது ஒரு காரணம் சொல்லுங்க! குடிச்சேன், புத்தி கெட்டுப்போச்சு, எவனோ மருந்து வச்சிட்டான்னாவது சொல்லுங்க!"

"காரணம் இல்லப்பா. நல்ல பிள்ளைங்க, நல்ல பொண்டாட்டி. நான்தான் போனேன்."

தம்பி கையை ஓங்கினான். ஓங்கிய கை எங்கே இறங்குவது என்று தெரியாமல் பக்கத்தில் நிறுத்தியிருந்த ஸ்பாஞ்சு ஷீட்டில் விழுந்தது. சத்தமே வரவில்லை. அதுவே அவனை இன்னும் உடைத்துவிட்டதோ என்னவோ, வெளியே போய்த் தெருவில் நின்று குழந்தைபோல அழுதான். அவள் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிப் போய்விட்டான். அவளும் அன்று யார் பக்கமும் பேசவில்லை. தம்பிக்காகவும் பேசவில்லை, அப்பாவுக்காகவும் பேசவில்லை.

மறுநாள் காலையில் அந்தச் சின்ன அறை காலியாக இருந்தது. போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. பையைக் காணோம்.

"போயிட்டார்," என்றாள் கணவரிடம்.

"ம்."

"நல்லதாப் போச்சு. தம்பிக்கும் நிம்மதி."

"ம்."

மெஷினில் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்க வரவில்லை. எழுந்து அந்த அறைக்குப் போனாள். ஜன்னல் திட்டில் இதய மாத்திரைகள் அட்டையோடு கிடந்தன. ஒரு வேளை தவறினாலும் ஆபத்து என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்ன மாத்திரைகள்.

"மாத்திரையை விட்டுட்டுப் போயிட்டாரே, அறிவில்ல?" என்று கத்தினாள். "குடுத்துட்டு வந்துர்றேன். வேற ஒண்ணும் இல்ல. குடுத்துட்டு வந்துருவேன்."

கணவர் குடையை எடுத்து நீட்டினார். வெளியே மழை இல்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

பஸ் நிலையத்தில் ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தாள். டிரைவர்கள் டீ குடிக்கிற இடத்தில் விசாரித்தாள். சர்ச்சுக்குப் போனாள், கதவு பூட்டியிருந்தது, படிக்கட்டில் குப்பை சேர்ந்திருந்தது. ஒரு விடுதி, ஒரு பூங்கா. வெயில் ஏறிவிட்டது. கால் வலித்தது. ஒரு தடவை விட்டுவிட்டுப் போனவரைத் தேடிக்கொண்டு, இரண்டாம் தடவையும் விட்டுவிட்டுப் போகிறார் என்று கோபப்பட்டுக்கொண்டு, நான் ஏன் இப்படி அலைகிறேன் என்று நடுரோட்டில் நின்று யோசித்தாள். ஒரு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துத் திட்டினார். கடைசியில், வேறு இடம் தோன்றாமல்தான் மருத்துவமனைக்குப் போனாள்.

அதே வார்டு. அதே ஜன்னலோரக் கட்டிலில் இப்போது வேறொரு முதியவர் கிடந்தார். பக்கத்து ஸ்டூலில் அப்பா உட்கார்ந்து, அவருக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். இருவரும் அவளைக் கவனிக்கவில்லை.

"சும்மாவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் நோயாளி. "எவனாவது சும்மா குடுப்பானா? அதுல ஏதோ சூது இருக்கும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றார் அப்பா. "ஒவ்வொரு நாளும் காலைல எந்திரிச்சதும், யாராவது வந்து திரும்பக் குடுன்னு கேப்பாங்கன்னு பாத்தேன். இதுவரைக்கும் வரல."

"உங்களுக்கு யாரும் இல்லையா?"

"மக இருக்கா. அவளுக்கு என்னைப் பாத்தாலே எரியும். எரியத்தான் செய்யும். ஆனா வேளாவேளைக்குச் சோறு போட்டா, மாத்திரை எடுத்து வச்சா. அவ மன்னிக்கணும்னு நான் எதிர்பாக்கல. அவ போட்ட சோத்துக்கே என்ன கணக்குன்னு எனக்குப் புரியல."

அவள் குடைக்காம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது முன்னால் போகவா, மாத்திரையை நர்ஸிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடவா? இரண்டும் சரி என்று தோன்றியது. இரண்டும் தப்பு என்றும் தோன்றியது. 'ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் புரியல' என்று மனதுக்குள் சொன்னாள். அவள் வாழ்நாளில் சொன்ன ஜெபங்களிலேயே சின்னது அதுதான். பதில் எதுவும் கேட்கவில்லை. கால்கள் மட்டும் முன்னால் நடந்தன.

"மாத்திரை போட்டீங்களா?"

அப்பா திடுக்கிட்டு எழுந்ததில் கரண்டி கீழே விழுந்தது. "இல்லம்மா. இங்க கேட்டு வாங்கிக்கலாம்னு..."

"இங்க என்ன சும்மா தருவாங்களா?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் கட்டிலில் இருந்தவர் இளித்தது தெரிந்தது. அவளுக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. மாத்திரையைப் பிரித்துக் கையில் கொடுத்தாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் விழுங்கினார்.

"சரி, வாங்க. வீட்டுக்குப் போகலாம்."

அவர் நகரவில்லை. "உன் தம்பி வந்தா?"

"அதை நான் பாத்துக்கிறேன்."

"மன்னிச்சிட்டியாம்மா?"

"இல்ல." அவள் உண்மையைத்தான் சொன்னாள். "இன்னும் எரியுது. உங்களைப் பாக்கும்போதெல்லாம் அம்மா கால்தான் ஞாபகம் வருது."

"அப்புறம் ஏன் கூப்பிடுற?"

"தெரியல. கேக்காதீங்க. கேட்டீங்கன்னா நான் யோசிக்க ஆரம்பிச்சிருவேன். யோசிச்சா விட்டுட்டுப் போயிருவேன்."

அப்பா அதற்குமேல் கேட்கவில்லை. கட்டிலில் இருந்தவரின் வாயைத் துடைத்துவிட்டு, "நாளைக்கு வர்றேன்," என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டார். பையை அவள் வாங்கினாள். வீட்டில் கணவர், எங்கே இருந்தார் என்றுகூடக் கேட்காமல், தட்டுகளை எடுத்து வைத்தார். அப்பா தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். அன்று அவர் 'ஆஹா' என்று சொல்லவில்லை; கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டார். அவளுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. 'ஆஹா'வே தேவலை என்று தோன்றியது.

அப்பா அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். தினமும் மருத்துவமனைக்குப் போய் யாருக்காவது ஊட்டிவிட்டு வருவார். அவளுக்குச் சில நாள் ஒன்றும் தோன்றாது. சில நாள் காரணமே இல்லாமல் பொங்கிக்கொண்டு வரும், கடைக்குள் போய் ஆணி அடிப்பாள். எல்லாம் தெளிந்துவிட்டது என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

பல வாரம் கழித்துத் தம்பி போன் செய்தான். வேறு என்னென்னவோ பேசிவிட்டு, கடைசியில் கேட்டான்.

"அந்த ஆளு இன்னும் அங்கதானா?"

"இங்கதான்."

"மன்னிச்சிட்டியா?"

"இல்லடா."

"அப்புறம் எப்படிக்கா வச்சிருக்க?"

"அதான் எனக்கும் புரியல," என்றாள். உள்ளே அப்பா ஏதோ ஒரு சட்டத்தைத் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. "நீ ஒரு நாள் வா. வந்து உக்காந்து, மனசுல இருக்கிறதெல்லாம் சொல்லித் திட்டிட்டாவது போ. அவர் அதையும் வாங்கிக்குவார்."

மறுமுனையில் தம்பி வருகிறேன் என்று சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை.